திறவாத சிப்பியும் எண்ணாத ஓட்டும்

மணப்பாட்டுக் குன்றின்மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவைக் கோயிலைத் தரிசித்துவிட்டுக் கடற்கரைத் தெருவை நோக்கி இறங்கி வருகிறவன், முன்னொரு காலத்தில் கொழும்பு வியாபாரத்தில் சேர்ந்த பணத்தைச் சுண்ணாம்பும் தேக்குமாக மாற்றி நிறுத்திய பெரிய வீடுகள் சில, உப்புக்காற்று அரித்த தூண்களோடும் பாதி அடைத்த ஜன்னல்களோடும் இன்னமும் கடலைப் பார்த்துக் கொண்டிருப்பதைக் காணாமல் போக முடியாது. அப்படிப்பட்ட வீடு ஒன்றின் முன்கூடத்தில், தேர்தலுக்குச் சில வாரங்கள் இருந்த ஒரு பிற்பகலில், எழுபதைக் கடந்த என் சிநேகிதர் மரப்பெட்டி ஒன்றைத் திறந்து, ஒன்றனுள் ஒன்று அடங்கும் பித்தளைக் கிண்ணங்களை எடுத்து வரிசையாக வைத்தார். கிண்ணங்களின் அடியெல்லாம் துளை. மேற்கிண்ணத்தில் இருபது துளைகள், அடுத்ததில் முப்பது, பின்னர் ஐம்பது, எண்பது, நூறு என்று ஏறி, கடைசிக் கிண்ணத்தில் ஆயிரம்.

“கையில வச்சுப் பாருங்க தம்பி. முத்துச் சல்லடை. எங்க தாத்தா காலத்துல இருந்து கெடக்கு” என்றார்.

பத்தாவது கிண்ணத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். குண்டூசியின் நுனிகூடத் தயங்கி நுழையும் அத்தனை துளைகளையும் ஒருவன் கையாலேயே இட்டிருக்கிறான் என்பதை நம்புவது எளிதாக இல்லை. மேற்கிண்ணத்தில் தங்குவது பெருமுத்து. கீழே இறங்க இறங்க மதிப்புக் குறையும். ஆயிரத்தின் துளையிலும் தங்காமல் விழுவதற்கு மாசித்தூள் என்று பெயர்.

இந்தக் கிண்ணங்கள் முத்தைத் தரம் பிரிப்பதற்கு மாத்திரம் பயன்பட்டவை அல்ல; வரப்போவதை முன்கூட்டிச் சொல்லுகிற ஒரு சாஸ்திரத்துக்கும் அவையே கருவியாக இருந்தன. மன்னார் வளைகுடாவின் அடியில் பாறைத் திட்டுகளாகக் கிடக்கும் பார்களில், தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொல்லாயிரம் பாரைப் போன்றவற்றில், சிப்பி விளைந்திருக்கிறதா, விளைந்திருந்தால் சலாபம் என்னும் முத்துக்குளிப்பைக் கூட்டுவதற்குக் கட்டுமா என்பதை அறிய, சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் முன்னதாகவே படகேறிச் சென்று, குளியாளிகளை இறக்கி, ஒரு முழுக்குக்கு எத்தனை சிப்பி வருகிறதென்று இடம் இடமாக எண்ணிப் பாரின் பரப்போடு அதைப் பெருக்கி, பிறகு சில ஆயிரம் சிப்பிகளைக் கரைக்குக் கொண்டுவந்து அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களை இத்தகைய கிண்ணங்களில் சலித்து, ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என்று கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கின்மேல்தான் சலாபம் பறைசாற்றப்படும். குளியாளிகளும், சம்மாட்டிகளும், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாகச் சொல்லும் கடல்கட்டியும், கீழக்கரையிலிருந்தும் இன்னும் தூரத்திலிருந்தும் வரும் வியாபாரிகளும் ஒரு மணல்வெளியில் கூடுவார்கள். குளியாளிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் சர்க்காருக்கு. அந்த மிச்சத்தை ஆயிரம் ஆயிரமாக, வாய் திறவாத சிப்பியாகவே ஏலம் விடுவது வழக்கம். ஏலம் எடுத்தவன் தன் அதிர்ஷ்டம் கொட்டில் கிடந்து அழுகி நாறுகிற வரையில் காத்திருக்க வேண்டும்.

என் சிநேகிதர் பத்து வயதுப் பையனாகத் தகப்பனாரோடு போய், 1961-இல் தூத்துக்குடியில் நடந்த கடைசிச் சலாபத்தைப் பார்த்தவர். முத்து எதுவும் அவர் நினைவில் இல்லை; நாற்றம்தான் இருக்கிறது. “மூணு நாளைக்குச் சட்டைய விட்டுப் போகல. அம்மா அடுப்புல போட்டுட்டா” என்றார்.

சல்லடைச் சாஸ்திரம் எத்தனை தூரம் பலித்தது என்று கேட்டால், இரண்டு பதில்கள் சொல்ல வேண்டும். பாரில் கண்ணெதிரே கிடக்கும் சிப்பியின் மதிப்பைப் பற்றி அது பெரும்பாலும் பொய் சொன்னதில்லை. நாளைக்கும் அந்தச் சிப்பி அங்கே இருக்குமா என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. 1830-க்கும் 1860-க்கும் இடையே முப்பது வருஷங்கள் தூத்துக்குடிக் கரையில் சலாபமே கூடவில்லை. அக்கரையில் 1905-ஆம் வருஷத்து இலங்கைச் சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டுச் சர்க்காருக்கு 25 லட்ச ரூபாய் அளவில் கிடைக்கவே, அந்த உற்சாகத்தில் லண்டன் கம்பெனி ஒன்று மறுவருஷமே பார்களை இருபது வருஷத்துக்குக் குத்தகை எடுத்தது. வருஷக் குத்தகை 3,10,000 ரூபாய். ஹெர்ட்மன், ஹார்னெல் முதலிய கடல்நூல் வல்லவர்கள் ஆராய்ந்து வழி சொல்லியிருந்தார்கள். 1907-க்குப் பிறகு பார்கள் வெறிச்சோடிவிட்டன, கம்பெனியும் முழுகிற்று. கடலடியில் நீவாடு மாறியதோ, மணல் மூடியதோ, திருக்கை தின்றதோ, சிப்பிகள் யாருக்கும் தகவல் சொல்லிவிட்டுப் போகவில்லை.

பெட்டியை மூடாமலே சிநேகிதர் அன்றைய தினசரியை விரித்தார். அதில் வரப்போகும் தேர்தலைப் பற்றிய கணிப்பு இருந்தது: இத்தனை ஆயிரம் பேரைக் கேட்டதில் இன்ன கூட்டணிக்கு இத்தனை சதவிகிதம், ஆகவே இத்தனை தொகுதி. “இதுவும் மாதிரிச் சிப்பிதானே தம்பி? அள்ளி, அழுகப்போட்டு, எண்ணிச் சொல்றான். பெறவு ஏன் அடிக்கடி தப்புது?” என்று கேட்டார்.

ஆள் பொய் சொல்லுகிறான், ஆகையால் தப்புகிறது என்று முதலில் நான் சொன்ன பதில் சோம்பலான பதில். அவர் கேட்ட கேள்விக்குச் சரித்திரமும் கணிதமும் கலந்த வேறு விடை உண்டு.

இந்தக் கரையின் பழைய தீர்ப்புகளை முன்கூட்டிச் சொல்வது ஒரு காலத்தில் கஷ்டமாக இருந்திருக்க முடியாது. 1530-களின் நடுவில், முத்துக்குளித்துறைப் பரதவரின் பட்டங்கட்டிகள் என்னும் ஊர்த்தலைவர்கள் சிலர் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கோரி ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பியபோது, அவர்களுக்குப் பின்னால் வேம்பாரிலிருந்து மணப்பாடு வரையில் ஊர் ஊராக ஆயிரக்கணக்கான ஜனங்கள் அதே முடிவை ஏற்றார்கள். 1542-இல் சவேரியார் இங்கே வந்து சேர்ந்தபோது, பெயரளவில் கிறிஸ்தவர்களாகிவிட்ட இவர்களுக்குத் தமிழில் ஜபம் சொல்லிக் கொடுக்கும் வேலைதான் முதன்மையாக அவருக்கு மிஞ்சியிருந்தது. 1544-இல் மணப்பாட்டிலிருந்தே அவர் தம் தோழர் மன்சிலாசுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பட்டங்கட்டிகளின் மனம் தெரிந்தால் கரையின் மனம் தெரிந்துவிடும் என்ற அந்த ஏற்பாட்டில், ஐயத்துக்குரிய மனங்கள் பத்தோ பதினைந்தோதான். தேர்தல் காலத்தில் இன்றும் காரிலிருந்து இறங்கியவுடன், ஊர்க் கமிட்டி என்ன சொல்லுகிறது என்று கேட்கும் பிரசாரகர் அந்தப் பதினாறாம் நூற்றாண்டுக் கணக்கையே போடுகிறார். சில சமயம் அது பலிக்கவும் செய்கிறது.

உத்தரமேரூர்ச் சபையார், பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் கல்லில் வெட்டிவைத்த குடவோலை முறையிலோ கணிப்புக்கே இடம் இல்லை. முப்பது குடும்புகளில் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்த இடத்தில், யாருடைய விருப்பத்தையும் யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. குடத்தைக் குலுக்கினால் போதும்.

1952-இல் வந்ததுதான் புதிது. சுகுமார் சென் தலைமைத் தேர்தல் கமிஷனராக இருந்து நடத்திய அந்த முதற்பொதுத் தேர்தலில் ஒவ்வொரு அபேட்சகருக்கும் தனித்தனி இரும்புப் பெட்டி, பெட்டியின்மேல் சின்னம், சீட்டில் எதுவும் குறிக்க வேண்டாம், விரும்பிய பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் சரி. திரைக்கு அப்பால் தனியாக நின்ற அந்த அரை நிமிஷத்தில், பட்டங்கட்டியின் மனமும் கட்டுமரம் தள்ளுகிறவனின் மனமும் முதன்முறையாகத் தனித்தனி சிப்பிகளாகிவிட்டன. அந்தத் தேர்தலில் சென்னை ராஜ்ய சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. சுதந்திரம் வாங்கித் தந்த கட்சிக்கே பெரும்பான்மை இல்லை.

இப்போது சிநேகிதரின் கேள்விக்கு வருகிறேன். முத்தின் கணக்கு கூட்டல் கணக்கு. ஆயிரம் சிப்பியின் மதிப்பை நூற்றுக்குப் பத்துத் தவறாக மதித்தவனுக்கு வரவிலும் ஏறத்தாழ அந்த அளவே தவறும். பணம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். தேர்தலில் தவறு அப்படி மரியாதையாக நடந்து கொள்வதில்லை. 1967-இல் இந்த ராஜ்யத்தில் காங்கிரஸ் வாங்கிய ஓட்டு நூற்றுக்கு 41-ஐ ஒட்டியது, தி.மு.க. வாங்கியதோ அதற்குச் சற்றே குறைவு. ஆனால் இடங்களோ தி.மு.க.வுக்கு 137, காங்கிரசுக்கு 51. கூட்டணி கட்டி, நிற்கும் தொகுதிகளைச் சுருக்கி நின்றவர்கள் ஒரு பக்கம். எங்கும் நின்று ஓட்டைச் சிதறவிட்டவர்கள் மற்றொரு பக்கம். காமராஜர் சொந்த ஊரான விருதுநகரில் 1,285 ஓட்டில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். எத்தனை ஆயிரம் பேரைக் கேட்டு எத்தனை நேர்த்தியாகச் சதவிகிதம் சொல்லியிருந்தாலும், அந்த 1,285-ஐ எந்தச் சல்லடையும் பிடித்திருக்காது.

இதுகூடப் பாதி விடைதான். கணித சாஸ்திரிகள் கேட்பது வேறு விதமான கேள்வி. ஆள் பொய்யே சொல்லவில்லை என்று வைத்துக் கொள்வோம். ஒவ்வொரு வாக்காளரும் எந்த அபேட்சகருக்கு எத்தனை வீதம் சாய்வார் என்பதைத் தெய்வமே வந்து சரியாக எழுதிக் கொடுத்துவிட்டது என்றும் வைத்துக் கொள்வோம். அப்போதாவது, இன்னார் ஜெயிப்பதற்குள்ள நிகழ்தகவு இவ்வளவு என்று கணக்கிட்டுவிட முடியுமா?

இரண்டே அபேட்சகர்கள், முப்பது வாக்காளர்கள் உள்ள ஒரு குப்பத்தை எடுத்துக் கொள்வோம். எல்லா விதங்களையும் ஒவ்வொன்றாகப் பரிசீலிக்கப் புகுந்தால் 107 கோடிக்கு மேற்பட்ட விதங்கள் எதிரே நிற்கும். புத்திசாலிக் கணக்கப்பிள்ளை அப்படிச் செய்ய மாட்டான். முதல் ஆள் போட்டு முடித்ததும் முதல் அபேட்சகருக்கு ஓட்டு பூஜ்யமா ஒன்றா என்று இரண்டு கட்டம் போடுவான். இரண்டாம் ஆள் முடிந்ததும் மூன்று கட்டம். முப்பதாம் ஆள் முடிந்ததும் முப்பத்தொரு கட்டம். முன்வரிசையிலிருந்து அடுத்த வரிசையை நிரப்பிக்கொண்டே போனால், மொத்தம் 495 கட்டங்களில் விடை வந்துவிடும். யார் போட்டார் என்பதை மறந்துவிட்டு எத்தனை விழுந்தது என்பதை மட்டும் ஞாபகம் வைப்பதுதான் இதன் சூட்சுமம். சிப்பிக் கணக்கும் இதே ஜாதிதான்.

அபேட்சகர்கள் பெருகும்போது அந்த மறதியின் லாபம் தேய்கிறது. ஆயிரம் ஓட்டுகள் ஐந்து பேரிடையே பிரியக்கூடிய விதங்கள் 4,200 கோடிக்கு மேல். யந்திரம் இதையும் தாங்கும். இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தால் தாங்காது. வாக்காளர் ஒருவரை மட்டும் குறிக்காமல், இவர் முதல், இவர் இரண்டு, இவர் மூன்று என்று வரிசை எழுதும் தேர்தலிலோ கணக்கு அடியோடு வேறாகிவிடுகிறது.

அப்படிப்பட்ட தேர்தல் ஒன்று நம் தேசத்திலேயே உண்டு. 1969 ஆகஸ்டில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் பதினைந்து பேர் நின்றார்கள். காங்கிரசின் அதிகாரபூர்வ அபேட்சகர் சஞ்சீவ ரெட்டி. பிரதமர் இந்திரா மனச்சாட்சிப்படி ஓட்டுப் போடலாம் என்று சொன்ன பிறகு மேலே வந்தவர் வி.வி.கிரி, ஜனசங்கமும் சுதந்திராக் கட்சியும் ஆதரித்தவர் சி.டி.தேஷ்முக். ஓட்டு மதிப்பின் முதற்கணக்கில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. ஜெயிக்க வேண்டியது 4,18,169. ஒருவருக்கும் அது இல்லை. ஆகவே கீழே இருந்தவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்களுடைய சீட்டுகளில் அடுத்த விருப்பம் யாருக்கு என்று பார்த்துக்கொண்டே போனார்கள். தேஷ்முக்குக்கு முதலிடம் கொடுப்பவர்கள் இரண்டாமிடத்தை ரெட்டிக்குக் கொடுக்கும்படி காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா அந்தக் கட்சிகளிடம் பேசிவைத்திருந்தார்; அந்தப் பேச்சே காங்கிரஸ் பிளவுக்கு ஒரு காரணமாயிற்று. பேச்சு வீண்போகவும் இல்லை. முடிவில் ரெட்டிக்கு ஏறியது 91,879. கிரிக்கு ஏறியது 18,562 மாத்திரம். ஆயினும் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427 என்று நின்றுவிட்டது. கிரிக்கு ஏறிய அந்தப் பதினெட்டாயிரத்துச் சொச்சத்தில் 7,326 மட்டும் ரெட்டியின் பக்கம் சாய்ந்திருந்தால், இந்திய அரசியலின் அடுத்த பத்து வருஷம் வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும்.

இதை முன்கூட்டிக் கணக்கிட வேண்டியவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். பதினைந்து பேரை ஒருவர் முழுதாக வரிசைப்படுத்தும் விதங்கள் 1,30,767 கோடிக்கு மேல். முதல் விருப்பத்தை மட்டும் எண்ணி மற்றதை மறக்கலாம் என்றால், யார் முதலில் நீக்கப்படுவார் என்பதைப் பொறுத்தே எந்தச் சீட்டின் எந்த விருப்பம் உயிர்பெறும் என்பது நிச்சயமாகிறது. கணக்கப்பிள்ளைக்குக் கைகொடுத்த மறதி இங்கே குற்றமாகிவிடுகிறது.

இந்தக் கஷ்டம் நமது சாமர்த்தியக் குறைவால் வந்ததா, இயற்கையிலேயே உள்ளதா என்று ஆராய்வதற்கான அளவுகோலை 1979-இல் லெஸ்லி வேலியண்ட் கொடுத்தார். ஒரு விடை உண்டா என்று தேடுவது ஒன்று. அத்தகைய விடைகள் மொத்தம் எத்தனை என்று எண்ணுவது வேறு. தேடுவதற்கு எளிதான விஷயங்களிலேயே எண்ணுவது மகா கடினமாக இருப்பதுண்டு என்று அவர் காட்டினார். வாக்காளர் விருப்பங்கள் அரைகுறையாகத் தெரிந்த நிலையில், ஜெயிக்கக்கூடியவர் யார், எப்படி நிரப்பினாலும் ஜெயித்தே தீருபவர் யார் என்ற இரு கேள்விகளை 2005-இல் கான்சாக், லாங் என்ற இருவர் தெளிவாகப் பிரித்து வைத்தார்கள். பின்னர் நோவம் ஹாசோன், யோனதன் ஔமன், சரித் கிராஸ், மைக்கேல் ஊல்ட்ரிட்ஜ் நால்வரும் சேர்ந்து 2012-இல் வெளியிட்ட கட்டுரையில், அபேட்சகர் எண்ணிக்கை சிறிதாக நிலைத்திருக்கும் வரையில் கட்டம் நிரப்பும் வழி பலிக்கும் என்றும், எண்ணிக்கைக்கு வரம்பில்லாதபோது பல தேர்தல் முறைகளில் ஜெயிப்பதற்குள்ள நிகழ்தகவைத் துல்லியமாகக் கணிப்பது வேலியண்ட் சொன்ன அந்தக் கடின வகுப்பையே சேரும் என்றும் நிறுவினார்கள். தெய்வமே விவரம் எழுதிக் கொடுத்தாலும் கூட்டிச் சொல்லக் காலம் போதாது என்பது இதன் பொருள். ‘ஆலிஸ்’ கதை எழுதிய லூயி கேரல், தம் சொந்தப் பெயரான டாட்ஜ்சன் என்ற பெயரில் 1876-இல் வகுத்த தேர்தல் முறை இன்னும் வேடிக்கையானது. எல்லோருடைய விருப்பமும் ஐயமின்றித் தெரிந்த பிறகும், அந்த முறையில் ஜெயித்தவர் யார் என்று கண்டுபிடிப்பதே கடினம் என 1989-இல் நிரூபித்துவிட்டார்கள். கணித ஆசிரியர் கதை எழுதப் போனதில் உலகத்துக்கு நஷ்டமில்லை என்றே நினைக்கிறேன்.

மணப்பாட்டிலிருந்து நேர் கிழக்கே கடலைத் தாண்டினால் வரும் தேசத்தில், நமது ஜனாதிபதித் தேர்தலைப் போல் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் அல்ல, சாதாரண ஜனங்களே மூன்று விருப்பம் வரையில் எழுதுகிறார்கள். 1982 முதல் அங்கே நடந்த ஜனாதிபதித் தேர்தல்களில் 2024 செப்டம்பரில்தான் முதன்முறையாக யாருக்கும் பாதி ஓட்டு கிடைக்காமல் இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. களத்தில் 38 பேர். மூன்று விருப்பமும் எழுதும் விதங்கள் மட்டும் 50,616. முதலிருவராகிய அநுர குமார திசாநாயக்கவுக்கும் சஜித் பிரேமதாசவுக்கும் போகாத 33 லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகளைப் புரட்டிப் பார்த்ததில், அநுரவுக்கு ஏறியவை 1,05,264; சஜித்துக்கு ஏறியவை 1,67,867. முன்னிருந்த இடைவெளி 12 லட்சத்துக்கு மேல் என்பதால் முடிவு மாறவில்லை. மீதிச் சீட்டுகளில் பெரும்பாலானவற்றில் இந்த இருவருக்கும் எந்த விருப்பமும் எழுதப்படவில்லை. சாஸ்திரிகள் ஐம்பதாயிரம் விதங்களை எண்ணிக் கவலைப்பட்டுக் கொண்டிருந்தபோது, ஜனங்கள் ஒரு கோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

துல்லியமாகக் கூட்ட முடியாத இடத்தில் சாஸ்திரிகள் கடைசியில் என்ன செய்கிறார்கள் என்பதைச் சிநேகிதரிடம் சொன்னபோதுதான் அவர் வாய்விட்டுச் சிரித்தார். கற்பனைத் தேர்தல்களை யந்திரத்துக்குள் ஆயிரக்கணக்கில் நடத்தி, ஒவ்வொன்றிலும் சாய்வுக்கு ஏற்றபடி பகடை உருட்டி, எத்தனையில் இன்னார் ஜெயிக்கிறார் என்று எண்ணிக் கொள்கிறார்கள். கோடானுகோடி விதங்களிலிருந்து ஒரு கைப்பிடி.

“அப்போ மறுபடியும் மாதிரிச் சிப்பிக்கே வந்துட்டானா?”

“வந்துவிட்டார்கள் ஐயா. பத்துக்கு மூன்று தடவை நடக்கக்கூடியதை அது நன்றாகவே சொல்லும். லட்சத்தில் ஒரு தடவை நடக்கக்கூடியது அந்தக் கைப்பிடியில் வராது.”

அவர் சற்று நேரம் பேசாமல் இருபது துளைக் கிண்ணத்தை விரலால் சுற்றிக் கொண்டிருந்தார். அவருடைய தாத்தா காலத்தில், சோதனைச் சிப்பியில் மேற்கிண்ணத்தில் ஒன்றும் தங்காத பாரிலிருந்து, ஏலத்தில் மலிவாக எடுத்த ஒருவனுக்கு நல்ல ஆணிமுத்து ஒன்று அகப்பட்டதாக வீட்டில் ஒரு கதை உண்டாம். அதே ஏலத்தில் அதே விலைக்கு எடுத்துக் கடனாளியான ஏழெட்டுப் பேரைப் பற்றிக் கதை ஒன்றும் இல்லை.

“சரி, இந்தத் தடவை நீங்கள் யாருக்கு?” என்று கேட்டேன்.

“நாலு ஓட்டு இருக்கு எங்க வீட்ல. மூணு பேரு இப்பவே சொல்லிட்டாங்க, ஆளுக்கொரு சின்னம். நான் உள்ள போயி நின்னாத்தான் எனக்கே தெரியும்.”

சொல்லிக்கொண்டே, காகிதத்தில் மடித்து வைத்திருந்த மாசித்தூள் கொஞ்சத்தை எனக்குக் காட்டுவதற்காக ஆயிரத்தின் கிண்ணத்தில் கொட்டிச் சலித்தார். ஒன்றும் தங்கவில்லை. எல்லாம் கீழே விரித்திருந்த தினசரியின்மேல், சதவிகிதங்கள் அச்சிட்ட பத்திகளின் நடுவே விழுந்து, எது தூள் எது தசமப் புள்ளி என்று தெரியாமல் கிடந்தன. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஈர விரலால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்க ஆரம்பித்தார்.